சின்னக் காளான் குடில் போட்டால் கட்டுப்படியாகுமா?

முதல்பை எழுதியது:

வணக்கம். மாடு கட்டிய கொட்டகை ஒன்று இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது, வைக்கோலும் சொந்தமாகவே இருக்கிறது, அதனால் காளான் போடலாம் என்று வீட்டில் பேச்சு. பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் ஒரே கணக்குதான். ஒரு பைக்கு இவ்வளவு காளான், அதை 500 பையால் பெருக்கு, விலையால் பெருக்கு, வைக்கோலையும் விதையையும் (தானியத்தில் வளர்த்த காளான் இழை) கழி, மிச்சமெல்லாம் லாபம். அந்தப் பெருக்கலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் அதே மாதிரிப் பெருக்கிப் பார்த்துத்தான் முன்பு கோழி வளர்த்தேன். வெப்பம், ஈரப்பதம் எல்லாம் ஓரளவு படித்துவிட்டேன், அதைக் கேட்கவில்லை. கட்டுப்படியாகுமா, காசு எங்கே கசியும், கடன் வாங்கி 500 பையோடு இறங்கலாமா, இதுதான் கேள்வி. சிப்பிக்காளான்தான் யோசனை.

குடில்காரர் எழுதியது:

கடன் வேண்டாம், 500 பையும் வேண்டாம். முதலில் அந்தப் பெருக்கலைப் பார்ப்போம். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலை ஊறவைத்து வேகவைத்து வடித்தால் ஏறக்குறைய 3 கிலோ கனம் வரும், அதுதான் ஒரு பை. அதில் ஒரு கிலோ காளான் எடுத்தால் 100 சதவீத விளைச்சல் என்பார்கள், அதாவது காய்ந்த வைக்கோலின் எடைக்குச் சமமாகப் பச்சைக் காளான். எடுக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன், எடுத்தும் இருக்கிறேன், நல்ல விதையும் நல்ல பருவமும் சேர்ந்து வந்தபோது. வருடம் முழுக்கச் சராசரி போட்டால் புதிதாகத் தொடங்குபவருக்கு 500, 600 கிராம் கிடைத்தாலே நல்ல ஆரம்பம். வீடியோவில் காட்டுவது பொய் இல்லை, அவர்களின் மிகச் சிறந்த பையை எடுத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் தொடங்கிய கதையைச் சொல்கிறேன். 80 பையை ஒரே நாளில் போட்டேன், உற்சாகம். காளான் இழை வைக்கோலில் வெள்ளையாகப் பரவ மூன்று வாரம் ஆயிற்று, பையைக் கீறிவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். 24ஆம் நாள் காலையில் கதவைத் திறந்தால் எல்லாப் பையிலும் குண்டூசித் தலை மாதிரி மொட்டு. சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த நான்கே நாளில் 20 கிலோவுக்கு மேல் காளான். எனக்குத் தெரிந்த வாடிக்கை நாளுக்கு 2 கிலோ. ஒரே நாளில் போட்ட பை ஒரே நாளில்தான் பூக்கும், இது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்தேன், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன், கடைசியில் மாட்டுக்குப் போட்டேன். அப்புறம் பத்து நாள் குடிலில் ஒன்றுமே இல்லை, அந்தப் பத்து நாளும் என்னிடம் காளான் கேட்டு ஆள் வந்தது!

கணக்கு_நோட்டு எழுதியது:

குடில்காரர் சொல்வதுதான் விஷயமே. குடிலில் எத்தனை பை பிடிக்கும் என்று பார்த்துத் தொடங்கக்கூடாது, நாளுக்கு எத்தனை கிலோ போகும் என்பதில் தொடங்கிப் பின்னோக்கி வரவேண்டும்.

நான் எல்லாவற்றையும் காளான் கிலோவில் எழுதுவேன். பணத்தில் எழுதினால் விலை ஏறி இறங்கும்போது நோட்டு குழம்பிவிடும். உதாரணத்துக்கு நாளுக்கு 5 கிலோ போகும் என்று வையுங்கள். வாரம் 35 கிலோ. பைக்கு 600 கிராம் என்றால் வாரம் 60 பை போடவேண்டும், ஒரேயடியாக இல்லை, வாரம் இரண்டு தடவை 30, 30 ஆக. ஒரு பை போட்ட நாளிலிருந்து கடைசி அறுவடை வரை ஏழு எட்டு வாரம் குடிலில் இருக்கும். அப்படியானால் எந்த நேரத்திலும் ஏறக்குறைய 450 பை உள்ளே தொங்கும். உங்கள் 500 பைக் குடில் என்பது உண்மையில் நாளுக்கு 5 கிலோக் குடில், இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை.

இனி ஒரு வாரத்துக் கணக்கு. இது என் நோட்டில் வரும் விகிதம், உங்கள் இடத்தில் மாறும். 60 பைக்கு 36 கிலோ வரவேண்டும். பத்தில் ஒரு பை வேறு பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும், 6 பை, மிச்சம் 32 கிலோ. அதில் 4 கிலோ விற்காமல் நிற்கும். கைக்கு வருவது 28 கிலோவின் பணம். செலவில் விதை 4 கிலோக் காளானின் விலை, வைக்கோல் 2, விறகு 3, பையும் சுண்ணாம்பும் தண்ணீரும் மின்சாரமும் சேர்த்து 2, பொட்டலமும் கொண்டுபோகும் செலவும் 4, குடிலின் தேய்மானமும் பழுதும் 3. மொத்தம் 18. மிச்சம் 10 கிலோ. வாரத்துக்கு ஏறக்குறைய 28 மணி நேர வேலைக்கு அந்த 10 கிலோதான் கூலி, லாபம் எல்லாமே.

வீடியோக்காரர் இதே 60 பைக்கு 60 கிலோ வரவு வைப்பார், விதை, வைக்கோல் 6 கிலோவைக் கழிப்பார், 54 என்பார். 54 எங்கே, 10 எங்கே.

ஆனால் இதிலேயே நல்ல சேதியும் இருக்கிறது. கெட்டுப்போகும் பையை ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்து, மீதமாகும் 4 கிலோவையும் இல்லாமல் செய்தால் அந்த 10 கிட்டத்தட்ட 16 ஆகிவிடும். ஒரு பை கூடக் கூடுதலாகப் போடவில்லை, பாருங்கள்.

பழைய_காளான் எழுதியது:

நான் விட்டுவிட்டவன், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கசப்போடு கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு விதை விற்றவர்கள் "விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். முன்பணமாகப் பயிற்சிக் கட்டணம், விதைக்கு வெளியில் கிடைப்பதைவிட இரண்டு மடங்கு விலை. முதல் தடவை வாங்கினார்கள். இரண்டாவது தடவை "விரிந்துவிட்டது, தரமில்லை" என்று பாதியைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை போனையே எடுக்கவில்லை. அவர்கள் வியாபாரம் காளான் இல்லை, விதையும் பயிற்சியும்தான் வியாபாரம், எனக்குப் புரியக் கொஞ்சம் லேட் ஆகிவிட்டது. யாராவது திரும்ப வாங்குவதாகச் சொன்னால் அவர்கள் வாங்கியதை எங்கே விற்கிறார்கள் என்று கேளுங்கள், அந்த இடத்துக்கு ஒரு நடை நேரில் போய்ப் பாருங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

முதல்பை எழுதியது:

கணக்கு_நோட்டு அண்ணே, அந்த 10 கிலோவைப் பார்த்து உண்மையாகவே தூக்கம் போயிற்று. இரண்டு சந்தேகம். மீதமானதைக் காயவைத்து விற்கலாமே? இரண்டாவது, வைக்கோல் என்னிடம் சும்மாதான் இருக்கிறது, வேலையும் வீட்டு ஆட்கள்தான். அப்போது அவை செலவே இல்லைதானே?

ஈரச்சாக்கு எழுதியது:

காயவைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஐந்து வருடமாகச் செய்கிறோம். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 10 கிலோ காயவைத்தால் ஒரு கிலோ, சில சமயம் அதற்கும் குறைவு. அப்படியானால் காய்ந்த கிலோவுக்குப் பச்சைக் கிலோவைப் போலப் பத்து மடங்கு விலை கிடைத்தால்தான் சமம், விறகும் நேரமும் தனி. அந்த விலைக்கு வாங்குபவர் எங்கள் பக்கம் குறைவு. மழைக்காலத்தில் வெயிலை நம்பினால் கதை முடிந்தது, பாதி காய்ந்த காளான் ரப்பர் மாதிரி வளையும், டப்பாவில் போட்டால் நாலே நாளில் பூஞ்சை. கிள்ளினால் சட்டென்று ஒடியவேண்டும், அதுதான் பதம். காயவைப்பது நஷ்டத்தைக் குறைக்க ஒரு வழி, அவ்வளவுதான். அதை நம்பிக் கூடுதலாகப் பை போடாதீர்கள்.

மீதமாவதைத் தடுப்பது பறிக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. சிப்பிக்காளான் சாதாரண வெப்பத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும், குளிர்பெட்டியில் ஐந்தாறு நாள். நாங்கள் காலை ஐந்து மணிக்குக் கொத்தாகத் திருகி எடுப்போம். இதழின் ஓரம் உள்ளே மடங்கி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஓரம் நேராகி மேல்நோக்கி அலை அலையாக விரிந்துவிட்டால் எடை கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அந்த ஆசையில்தான் பலர் ஒரு நாள் விடுகிறார்கள், ஆனால் அது மாலைக்குள் ஓரம் கிழிந்து மஞ்சளாகிவிடும். பறிப்பதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பதும் அப்படித்தான். தராசில் கனம் கூடும், வாங்கினவர் வீட்டில் மறுநாள் வழவழவென்று ஆகும், அவர் திரும்ப வரமாட்டார். திரும்பி வராத அந்த ஆள் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

கணக்கு_நோட்டு எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். வைக்கோலுக்கு வருகிறேன். சும்மா இருக்கிற வைக்கோல் என்று ஒன்றும் இல்லை. அதை மாட்டுக்காக விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அதன் செலவு. இன்னொன்றும் கேட்க வேண்டும், எந்த வைக்கோல்? மழையில் நனைந்து போரில் கறுத்துப்போன வைக்கோல் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதில் ஏற்கெனவே வேறு பூஞ்சை குடியிருக்கும், வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. பொன்னிறமாக, நனையாமல், அந்தப் பருவத்து வைக்கோலாக இருக்கவேண்டும்.

வீட்டு ஆட்களின் வேலையையும் எழுதுங்கள். வைக்கோல் வெட்டுவது, ஊறவைப்பது, வேகவைப்பது, வடிப்பது, பை கட்டுவது, தினமும் இரண்டு மூன்று தடவை தெளிப்பது, பறிப்பது, பொட்டலம், கொண்டுபோவது. இதற்கெல்லாம் பூஜ்யம் என்று எழுதினால் எந்தத் தொழிலும் லாபம்தான்.

ஈரச்சாக்கு எழுதியது:

இந்த இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. வெளியே கூலி வேலைக்குப் போகக்கூடிய ஆளின் நேரத்துக்கு அந்தக் கூலியைப் போடுங்கள், சரி. ஆனால் கைக்குழந்தை இருக்கிறது, வீட்டில் வயதானவரைப் பார்க்கவேண்டும், அதனால் எங்கேயும் போகமுடியாது என்கிற பெண்ணின் இரண்டு மணி நேரத்துக்கு வெளியில் என்ன விலை? எங்கள் மூன்று பேரில் இரண்டு பேர் அப்படித்தான் தொடங்கினோம். கணக்குப்படி அது மோசமான கூலி. ஆனால் வீட்டை விட்டு நகராமல், வாராவாரம் கையில் வந்தது. நெல்லோ கோதுமையோ போட்டால் நான்கு மாதம் காத்திருக்கவேண்டும், இதில் ஒரு மாதத்துக்குள் முதல் காசு. சின்னக் குடும்பத்துக்கு அந்த வாராவாரம் என்பது பெரிய விஷயம், உங்கள் நோட்டில் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

கணக்கு_நோட்டு எழுதியது:

சரி, அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனாலும் நேரத்தைக் குறித்து வையுங்கள் என்றுதான் சொல்வேன், விலை போடாவிட்டாலும் பரவாயில்லை. பெரிதாக்கலாமா என்று ஒரு நாள் யோசிப்பீர்கள், அன்றைக்கு ஆள் வைத்தால் கட்டுமா என்று தெரிய அந்த மணிக்கணக்கு வேண்டும். பல குடில்கள் சின்னதாக இருந்தபோது நன்றாக ஓடி, பெரிதாக்கிக் கூலியாள் வைத்ததும் விழுந்ததற்கு இதுதான் காரணம்.

வைக்கோல்போர் எழுதியது:

எல்லோரும் சிப்பியைப் பற்றியே பேசுகிறீர்கள். வெப்பமான இடமாக இருந்தால் பால்காளானையும் பாருங்கள். 30 டிகிரிக்கு மேல் சிப்பி திணறும், பால்காளான் 30 முதல் 35 வரை நன்றாக வரும். பறித்த பிறகு சிப்பியைவிடக் கூடுதல் நாள் வெள்ளையாக, கெட்டியாக நிற்கும், மீதமாவதுதான் உங்கள் பெரிய பிரச்சினை என்றால் அந்த இரண்டு மூன்று நாள் கணக்கையே மாற்றிவிடும். கஷ்டம் என்னவென்றால் பையில் இழை பரவிய பிறகு அதன் மேல் ஓர் அடுக்கு மண் போடவேண்டும், அந்த மண்ணையும் வேகவைக்கவேண்டும், அதனால் வேலை கூடும், அறுவடைக்கும் சிப்பியைவிடக் கூடுதலாகக் காத்திருக்கவேண்டும். சிப்பி 1917 வாக்கில் ஜெர்மனியில், போர்க்காலப் பஞ்சத்தில் மரக்கட்டைகளில் வளர்க்கத் தொடங்கியது என்பார்கள், ஏழைக்கென்றே வந்த காளான். பால்காளானைப் பற்றி முதலில் எழுதியதே 1974இல்தான், அதற்குள் வெப்பநாட்டுக் குடில்களில் இடம் பிடித்துவிட்டது.

வைக்கோல் காளான் என்று ஒன்று இருக்கிறது, பத்துப் பதினைந்து நாளில் வந்துவிடும், ருசியும் அபாரம். ஆனால் 100 கிலோ வைக்கோலுக்கு 10, 15 கிலோதான் கிடைக்கும், குளிர்பெட்டியில் வைத்தால் நீர்விட்டுக் கரைந்துவிடும். அன்றே விற்கும் இடம் பக்கத்தில் இருந்தால் மட்டும். மொட்டுக்காளான் (பட்டன் காளான்) பக்கம் போகவே போகாதீர்கள், அதற்குப் பூக்க 14 முதல் 18 டிகிரி வேண்டும், எரு தயாரிக்கவே நான்கு வாரம் ஆகும், குளிர்மலையில் இருந்தால் வேறு கதை, மற்றபடி மின்கட்டணம் விழுங்கிவிடும்.

குடில்காரர் எழுதியது:

பால்காளான் பற்றிச் சொன்னது சரி. ஆனால் முதல் வருடத்திலேயே இரண்டு வகை வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றில் கெட்டுப்போகும் பையைக் குறைக்கக் கற்றுக்கொண்டால் மற்றது தானாக வரும்.

முதல்பை, விறகுச் செலவைக் குறைக்க ஒரு வழி. நான் இப்போது வேகவைப்பதில்லை, பச்சைத் தண்ணீரில் நீற்றிய சுண்ணாம்பு கரைத்து ஒரு இரவு முழுக்க ஊறவைத்து வடிக்கிறேன். சுண்ணாம்பின் காரத்தன்மை ஏறிப்போவதால் மற்றப் பூஞ்சைகள் திணறும், சிப்பி சமாளித்து வளர்ந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை அரித்துவிடும். விளைச்சல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் விறகு மிச்சமானது அதைவிடக் கூடுதல். எந்த முறையானாலும் வடித்த பிறகு ஒரு பிடி எடுத்து இறுக்கி முறுக்குங்கள். ஓரிரு சொட்டு வந்தால் பதம். ஒழுகினால் இன்னும் வடியட்டும், எனக்கு முதல் வருடம் கெட்ட பைகளில் பெரும்பாலானவை அடியில் தண்ணீர் தேங்கிப் புளித்து நாறியவைதான். பையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், நல்ல பையில் மழை பெய்த தோட்டத்து வாசம் வரும். பச்சைத் திட்டு தெரிந்தால் அங்கேயே பிரிக்காதீர்கள், அப்படியே தூக்கித் தூரத்தில் கொண்டுபோய்ப் புதையுங்கள், குடிலுக்குள் பிரித்தால் பத்துப் பைக்கு விதைத்த மாதிரி.

மூன்றாவது அறுவடைக்குக் காத்திருக்கலாமா என்பதும் கணக்குத்தான். பாதி விளைச்சல் முதல் அறுவடையிலேயே வந்துவிடும், இரண்டாவதில் கால்வாசிக்கு மேல். மிச்சத்துக்காக இன்னும் பத்து நாள் பையை வைத்தால் சின்ன ஈக்கள் முட்டையிட்டுப் பெருகும், புதுப் பைக்கும் தாவும். நான் இரண்டோடு இறக்கிவிடுகிறேன். இறக்கின வைக்கோல் எருவாகப் போகும், என் காய்கறிப் பாத்திக்கு வேறு உரமே வாங்குவதில்லை.

பழைய_காளான் எழுதியது:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. மூச்சு. சிப்பிக்காளான் விரிந்தால் வித்துத் தூள் கொட்டும், காலையில் வெளிச்சம் விழும்போது புகை மாதிரி தெரியும். நான் இரண்டு வருடம் முகமூடி போடாமல் வேலை செய்தேன், சாயங்காலமானால் இருமல், உடம்பு வலி, காய்ச்சல் மாதிரி. மருத்துவர்தான் காளான் தூள் நுரையீரலுக்கு ஒவ்வாமல் போகும் என்று சொன்னார். ஓரம் மடங்கியிருக்கும்போதே பறிக்கச் சொன்னாரே அந்த அக்கா, அது விலைக்கு மட்டும் இல்லை. முகமூடியையும் செலவில் எழுதுங்கள்.

முதல்பை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. கடன் யோசனையை விட்டாயிற்று. கொட்டகையிலும் இன்னும் கை வைக்கவில்லை. கணக்கு_நோட்டு சொன்ன "நாளுக்கு எத்தனை கிலோ போகும்" என்ற கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை என்று அன்று ராத்திரிதான் உறைத்தது. அதனால் இன்னொரு குடிலில் பேசி, தினமும் காலையில் 3 கிலோ விலைக்கு வாங்கி, 200 கிராம் பொட்டலமாகப் போட்டு, நானே கொண்டுபோய் விற்றுப் பார்த்தேன். பதினான்கு நாள்.

முதல் மூன்று நாள் எல்லாம் போயிற்று, தெரிந்தவர்கள் வாங்கினார்கள். நான்காம் நாள் ஆறு பொட்டலம் திரும்பி வந்தது. ஏழாம் நாள் பாதிக்கு மேல் திரும்பியது, மழை. இரண்டாவது வாரம் நிலைமை பிடிபட்டது, வார நாளில் ஒன்றரைக் கிலோ, விடுமுறை நாளில் 4 கிலோ கேட்கிறார்கள். சராசரி போட்டால் நாளுக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வாங்கி விற்றதில் லாபம் ஒன்றும் இல்லை, பெட்ரோலுக்குச் சரியாகப் போயிற்று, ஆனால் 9 பேர் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். 2 கிலோ என்றால் வாரம் 25 பை. அதையும் விடுமுறை நாளுக்கு முதல் நாள் கூடுதலாகப் பறிக்கிற மாதிரி போடமுடியுமா?

ஈரச்சாக்கு எழுதியது:

முடியும். ஒரு வாரத்துப் பையைப் பிரிக்காமல் ஒரே நாளில் போட்டுவிட்டு, கீறும் நாளைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள், கீறி ஐந்தாறு நாளில் பறிக்கலாம், குளிர்ந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் தள்ளும். இரண்டு தடவை பிசகும், அப்புறம் பிடிபடும். அந்த ஒன்பது நம்பருக்கும் பறிப்பதற்கு முதல் நாள் சாயங்காலமே எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அது இருக்கட்டும், திரும்பி வந்த அந்த ஆறு பொட்டலத்தை மறுநாள் காலையில் பிரித்துப் பார்த்தீர்களா? உள்பக்கம் தண்ணீர் கோத்திருந்ததா?

முதல்பை எழுதியது:

கோத்திருந்தது அக்கா. பொட்டலத்தில் ஓட்டையே போடவில்லை.